மதுரைக் கறிச்சோற்றுக்கு எந்தச் சிவப்பு ஒயின்: மிளகா, மிளகாயா?

அத்தானுக்குப் பணி ஓய்வு. எல்லிஸ் நகர் வீட்டில் எட்டுப் பேருக்கு ராத்திரி விருந்து என்று அக்கா போனில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள்: கோலா உருண்டை, மட்டன் சுக்கா, நல்லி எலும்பு, குடல் குழம்பு, பரோட்டா, கடைசியில் சோற்றுக்கு அயிரை மீன் குழம்பு. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "தம்பி, உங்க அத்தானோட பெங்களூர் சிநேகிதர் ரெட் ஒயின்தான் எடுப்பாராம். ரெண்டு பாட்டில் போதும். நம்ம சாப்பாட்டுக்குத் தாங்குற மாதிரி ஸ்ட்ராங்கானதா ஒண்ணு சொல்லேன்" என்றாள்.

பதினோரு வருடம் மும்பை ஓட்டல்களில் ஒயின் பரிமாறியிருக்கிறேன். அங்கே யாராவது இப்படிக் கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும்: கனமான இறைச்சி, அதனால் கேபர்நே சாவிஞான் என்ற திராட்சையின் சிவப்பு ஒயின். அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பாடமெல்லாம் உப்பும் வெண்ணெயும் போட்டு நெருப்பில் வாட்டிய இறைச்சிக்கு உண்டானது. எங்கள் வீட்டுக் கறியில் சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, வரமிளகாய், தேங்காய், நல்லெண்ணெய் என்று எல்லாம் சேர்ந்து இறங்கும். இதற்கு எது பொருந்தும் என்பதை வாயில் வைத்துப் பார்க்காமல் சொல்வது சரியில்லை. விருந்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான்கு பாட்டில்களை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். திராட்சையின் பெயரே ஒயினுக்கும் பெயர்: ஒன்று கேபர்நே சாவிஞான், ஒன்று ஷிராஸ், ஒன்று ஜின்ஃபண்டெல், நான்காவது கேபர்நேயும் ஷிராஸும் கலந்தது. போகிற வழியில் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறி தோசையும் வாங்கிக்கொண்டேன். மற்றதை அக்கா சமைத்து வைத்திருந்தாள்.

முதலில் "ஸ்ட்ராங்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். ஒயினில் அது போதையின் அளவை மட்டும் குறிக்காது. நீர்மோருக்கும் கட்டித் தயிரைக் கடைந்த மோருக்கும் வாயில் ஒரு கனவேறுபாடு தெரியுமே, அதுதான். திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால் சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் வருகின்றன. பழம் நன்றாகக் கனிந்திருந்தால் சர்க்கரை கூடும். சர்க்கரை கூடினால் ஆல்கஹால் கூடும், 14 சதவீதத்தைத் தொட்டும் தாண்டியும் போகும். ஓக் மரப் பீப்பாயில் கிடந்தால் அதிலிருந்து ஒரு மணமும் கொஞ்சம் துவர்ப்பும் ஏறும். இந்த நான்கும் எந்த அளவில் சேர்கின்றன என்பதில்தான் ஒரு பாட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்துப் பழகியவர்கள் நாம். பாக்கு, நாவல்பழம், வாழைப்பூ, கடுக்காய் எல்லாம் நாக்குக்குத் தெரிந்தவை. ஒயினில் டானின் என்று சொல்வது அந்தத் துவர்ப்பைத் தரும் பொருளைத்தான். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் உலர்ந்து இழுக்கிறது. பால் இல்லாத கடுந்தேநீரைக் குடித்தால் நாக்கு இழுக்கும், அதிலேயே பாலை ஊற்றினால் அடங்கிவிடும். தேநீரின் டானின் பாலின் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வதால் நம் நாக்கு தப்பிக்கிறது. கறிக்கும் ஒயினுக்கும் உள்ள உறவில் பாதி இந்த ஒரு டம்ளர் பால் டீக்குள் இருக்கிறது.

கேபர்நேயைத்தான் முதலில் ஊற்றினேன். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கை இழுக்குதேப்பா." நல்லி எலும்பை எடுத்து நீட்டினேன். தட்டில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளிருந்த மஜ்ஜையை உறிஞ்சினார். "இப்ப குடிங்க அத்தான்." குடித்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அதே ஒயின்தானா? இழுப்பைக் காணோமே!" மஜ்ஜைக் கொழுப்பும் கறியின் புரதமும் உப்பும் சேர்ந்து துவர்ப்பை வாங்கிக்கொண்டுவிட்டன. துவர்ப்பு விலகியதும் அதற்குப் பின்னால் இருந்த கறுப்புப் பழச் சுவை முன்னால் வந்தது. பதிலுக்கு, கொழுப்பு வாயில் படிந்து திகட்டாமல் ஒயின் கழுவிவிட்டது. இந்த ஒரு பொருத்தத்துக்காகவே கேபர்நேயை மதுரைப் பந்தியிலிருந்து தள்ளிவிட முடியாது.

கேபர்நே சாவிஞானின் குணத்துக்குக் காரணம் அதன் பழம். சின்னச் சின்னதாக, தடித்த தோலோடு, சதையோடு ஒப்பிட்டால் விதை அதிகமாக இருக்கும். அதனால்தான் அவ்வளவு டானின். பிறப்பிடம் பிரான்சின் போர்தோ பக்கம். கேபர்நே ஃப்ராங்க் என்ற கறுப்புத் திராட்சையும் சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் தானாகக் கலந்து பிறந்தது இது என்று 1990-களின் பிற்பாதியில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். முழுதாகக் கனியாத பழத்தில் செய்திருந்தால் குடைமிளகாயை நறுக்கும்போது வரும் பச்சை வாசம் அடிக்கும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு, சோம்பு தாளித்த கறிக்குப் பக்கத்தில் அது ஒட்டவில்லை.

இரண்டாவது டம்ளர் ஷிராஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஷிராஸும் சீராவும் ஒரே திராட்சை. பிரான்சில் சீரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். பாரசீக நகரத்தின் பெயரைப் பார்த்து அங்கிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. மரபணு அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாய் தந்தை இரண்டும் தென்கிழக்குப் பிரான்சின் கொடிகள். 1832-ல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடிகளில் இதுவும் இருந்தது. அங்கே பரோசா போன்ற வெயில் பூமியில் வேரூன்றி, கனத்த, பழம் குழைந்த ஒயினாக ஆனது.

இந்தத் திராட்சையில் மிளகு மணக்கும் என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். பேச்சுவாக்கில் சொல்லும் உவமை என்று நானும் நினைத்திருந்தேன். உவமையே இல்லை, உண்மையிலேயே அது மிளகுதான். ரோட்டண்டோன் என்ற ஒரு பொருள்தான் ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் என்றும், மிளகின் மணத்துக்கும் அதே பொருள் காரணம் என்றும் 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது கோரைக்கிழங்கிலிருந்து. சைபரஸ் ரோட்டண்டஸ் என்பது நம் வயல்வரப்பில் களையாக முளைக்கும் கோரைதான். அம்மா நலங்கு மாவில் சேர்த்து அரைத்த அதே கிழங்கு. அந்த மாவின் வாசம், தாண்டிக்குடி மலையிலிருந்து வரும் மிளகின் வாசம், பாட்டிலில் உள்ள ஷிராஸின் வாசம், மூன்றுக்கும் நடுவே ஓர் இழை ஓடுகிறது.

இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் எவ்வளவு இருந்தாலும் மூக்கில் ஏறாது என்று அதே ஆய்வில் தெரிந்தது. உங்களுக்கு மிளகு தெரியவில்லை என்றால் பாட்டில் மட்டம் என்று முடிவு கட்டவேண்டாம். அப்புறம், குளிர்ந்த இடத்தில் விளைந்த பழத்தில்தான் இந்தப் பொருள் அதிகம். வெயில் கூடக் கூட மிளகு அடங்கி, நாவல்பழமும் பேரீச்சையும் குழைந்த மாதிரியான பழச் சுவை மேலே வரும். நாசிக்கின் வெயிலில் விளையும் ஷிராஸில் மிளகு ஒரு கிள்ளுதான் இருக்கும். மீதியைச் சுக்கா கொடுத்துவிடும்.

அக்காவின் சுக்காவோடு அதைத்தான் பார்த்தோம். அன்றைக்கு அவள் வரமிளகாயைக் குறைத்து, கடைசியில் இறக்கும்போது கொரகொரப்பாக இடித்த மிளகைத் தூவி, நல்லெண்ணெய் பிரியும்வரை சுருட்டியிருந்தாள். ஒரு துண்டு கறி, ஒரு வாய் ஷிராஸ். வாயில் மிளகு வாசம் இரட்டித்தது. கறி முழுங்கிய பிறகும் ஒயின் போன பிறகும் அந்த வாசம் மூக்கின் பின்பக்கம் நின்றது. குடிக்காத அக்காவே டம்ளரை வாங்கி மோந்துவிட்டு, "இடிச்ச கல்லுல கை வச்ச மாதிரி இருக்குடா" என்றாள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்ததாகக் குடல் குழம்பு. அது முழுக்க வரமிளகாய்க் காரம். அதே ஷிராஸை இப்போது குடித்தால் நாக்கில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. பழச்சுவை ஓடிவிட்டது, கசப்பும் காந்தலும்தான் மிச்சம். கேபர்நே இன்னும் மோசம். மிளகாயின் காரம் நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுவதால் வருகிறது. ஆல்கஹாலும் அதே நரம்பைச் சீண்டும். இரண்டும் சேர்ந்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுதான். அதன்மேல் டானின் வந்து வெந்த இடத்தைச் சொரசொரப்பான துணியால் துடைக்கிற மாதிரி செய்யும். மிளகும் உறைக்கத்தான் செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த உறைப்பு மெல்லியது, சீக்கிரம் விலகிவிடும், கூடவே மணத்தை விட்டுப் போகும்.

அதனால்தான் எந்த ஒயின் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் சமையலில் காரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். ஆடா கோழியா என்பதைவிட இதுதான் முக்கியம். மிளகுக் காரம் என்றால் திடமான சிவப்பு ஒயினுக்கு உங்கள் வீட்டில் இடம் உண்டு. ராமநாதபுரம் குண்டு மிளகாயும் சாத்தூர் சம்பாவும் தூக்கலாக இருக்கும் குழம்பு என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாட்டில் தோற்றுப்போகும். அக்காவிடம் நான் சொன்ன முதல் மாற்றமே சமையலில்தான். விருந்தன்று சுக்காவில் மிளகாயைப் பாதியாக்கி மிளகைக் கூட்டு, கோலாவில் பச்சை மிளகாயை விட்டுவிட்டு மிளகும் சோம்பும் போடு, குடலைக் குழம்பாக வைக்காமல் மிளகு போட்டு வறுத்துவிடு. காசு செலவில்லாத மாற்றம். பாட்டிலை மாற்றுவதைவிட இது பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது.

ஜின்ஃபண்டெல் பற்றி எனக்கு முன்பு பெரிய அபிப்பிராயம் கிடையாது. கலிஃபோர்னியாவின் சொந்தச் சொத்து என்று நெடுங்காலம் பெருமையாகச் சொல்லப்பட்ட இந்தத் திராட்சை, குரோஷியாவின் ஒரு பழைய கொடி என்று 2001 வாக்கில் மரபணுவில் தெரிந்தது. இத்தாலியில் பிரிமிதிவோ என்பதும் இதுவே. ஒரே குலையில் சில பழம் காயாகவும் சில பழம் உலர்திராட்சையாகவும் நிற்கும். ஆல்கஹால் கூடுதலாகவும் பழம் ஜாம் போல இனிப்பாகவும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். துவர்ப்பு குறைவு. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஊற்றிய சால்னாவோடு இது எங்களுக்குச் சரியாக வந்தது. சால்னாவில் தேங்காயும் சோம்பும் கொஞ்சம் இனிப்பைக் கொடுக்கும், மிளகாய்க் காரம் மிதமாக இருக்கும், அந்தப் பழ இனிப்பு காரத்தின் கூர்மையை மழுக்கிவிடும். குடல் குழம்போடும் நான்கில் தாக்குப்பிடித்தது இது ஒன்றுதான், அதுவும் இரண்டு வாய்க்கு மட்டும். லேபிளில் ஆல்கஹால் 14-க்குக் கீழே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 15 என்று போட்டிருந்தால் காரச் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

கலப்பு பாட்டில் எதிலும் தோற்கவில்லை, எதிலும் மனதைப் பறிக்கவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கேபர்நேயையும் ஷிராஸையும் கலப்பது நெடுநாள் வழக்கம். இங்கே பெங்களூர் பக்கம் நந்தி மலையடிவாரத்தில் குரோவர் நிறுவனம் செய்யும் லா ரிசர்வ் என்ற ஒயினும் இந்தக் கலப்புதான். கறி தோசையோடு நன்றாக இருந்தது: அடியில் மொறுமொறு, நடுவில் முட்டை, மேலே பிசைந்த கொத்துக்கறி, சுற்றிலும் எண்ணெய். திண்டுக்கல் பாணிச் சீரகச்சம்பா பிரியாணிக்கும் இதையே சொல்வேன். விருந்தினரின் நாக்கு எப்படிப்பட்டது என்று தெரியாதபோது, ஒரே பாட்டிலில் எல்லாரையும் சமாளிக்க வேண்டுமென்றால் இது பயமில்லாத தேர்வு.

மால்பெக்கை அன்று வாங்கவில்லை. பிரான்சில் பிறந்து, 1853-ல் அர்ஜென்டினாவுக்குப் போய், மெண்டோசா மலையடிவாரத்தில் பேரெடுத்த திராட்சை அது. கேபர்நேயைவிட மென்மையான துவர்ப்பு, நல்ல கறுப்பு நிறம். மும்பையில் கோலா மாதிரியான கொத்துக்கறி உருண்டைகளோடு பரிமாறியிருக்கிறேன், குறை சொல்ல முடியாது. கண்ணில் பட்டால் வாங்கலாம், தேடி அலைய வேண்டாம்.

நம் பக்கத்துத் திராட்சையை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை எனக்கு உயிர். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருடம் முழுக்கக் காய்க்கிற அதிசயம் அது. ஆனால் அது மஸ்கட் என்ற வாசனைத் திராட்சை வகை. அதன் அழகு அதன் பன்னீர் வாசம், மெல்லிய துவர்ப்பு. அதில் செய்யும் இனிப்பு ஒயின் கேக்குக்கும் முந்திரிக்கும் பொருந்தும். சுக்காவுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் வாசம் காணாமல் போய்விடும். அந்தத் திராட்சையை அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை.

எட்டுப் பேரில் இரண்டு பேர் சைவம். அவர்களுக்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது மிளகு போட்ட காளான் வறுவல், சேப்பங்கிழங்கு வறுவல். இரண்டும் ஷிராஸோடு நன்றாக நின்றன. எதிர்பாராதது வெண்பொங்கல். காலையில் செய்து மிச்சமிருந்ததைச் சூடாக்கி, ஒரு கரண்டி நெய் ஊற்றி, முழு மிளகோடு அக்கா தட்டில் வைத்தாள். நெய் துவர்ப்பை வாங்கிக்கொண்டது, மிளகு மிளகைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுப் பார்க்காமல் இதை நானே நம்பியிருக்க மாட்டேன். வாழைப்பூ வடை மட்டும் வேண்டாம். துவர்ப்போடு துவர்ப்பு சேர்ந்து வாய் கட்டிப்போகும். புளி தூக்கலான குழம்பு வகைகளும் அப்படித்தான், புளிப்புக்குப் பக்கத்தில் இந்த ஒயின்கள் சப்பென்று ஆகிவிடும். இனிப்புக்கு முன்னால் டம்ளரைக் காலி செய்துவிடுங்கள். பாசந்திக்கோ ஜிகர்தண்டாவுக்கோ பிறகு இனிப்பில்லாத சிவப்பு ஒயினைக் குடித்தால் புளிப்பும் கசப்பும் மட்டுமே தெரியும்.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு ஒயினுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக 150 சதவீத சுங்க வரி. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயினுக்கு, குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்டவற்றில், அது படிப்படியாகக் குறைகிறது. ஆக, வெளிநாட்டுப் பாட்டிலில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி ஒயினுக்கே போவதில்லை. நாசிக், நந்தி மலை, சோலாப்பூர் பக்கம் விளையும் ஷிராஸும் கேபர்நேயும் இன்று நம்பி வாங்கும் தரத்தில் இருக்கின்றன. எலைட் கடையில் அலமாரியைப் பார்த்து எடுக்க முடியும் என்பதால் அங்கே போவது நல்லது. லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். நாசிக்கில் தையிலிருந்து பங்குனிக்குள் பழம் வெட்டிவிடுவார்கள். இந்த விலையில் உள்ளவை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்க வேண்டியவை. பழசானால் உயரும் என்று வைத்திருக்க வேண்டாம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் ஒயினைப் பற்றிப் பேச முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், ஒரு கடையில் கதவோர அலமாரியில் வெயில் பட நின்ற கேபர்நேயை அவசரத்தில் வாங்கிவிட்டேன். வீட்டில் பார்த்தால் கார்க் ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்தது. ஊற்றினால் வேகவைத்த உலர்திராட்சை வாசம், பழத்தின் உயிர் இல்லை. நல்ல காசு கொடுத்து வாங்கியது, தம்பி குடும்பம் வந்திருந்த நாள் வேறு. அன்றிலிருந்து அலமாரியின் உள்பக்கத்துப் பாட்டிலைத்தான் கேட்டு வாங்குகிறேன். திருகு மூடி போட்டதைப் பார்த்து மட்டம் என்று ஒதுக்குவதும் இல்லை. வாங்கியதைப் பரணில் ஏற்றாதீர்கள். மொட்டை மாடியின் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும்.

சிவப்பு ஒயினை அறைச்சூட்டில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் கல்வீட்டு அறைக்குச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. நம் கூடத்தில் ராத்திரி எட்டு மணிக்கும் 32 இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். அதனால் ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். காலையிலிருந்தே உள்ளே இருந்தால் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள், ரொம்பக் குளிர்ந்தாலும் துவர்ப்பு முள்ளாகக் குத்தும். கேபர்நேயை அரைமணி நேரம் முன்னதாகக் கண்ணாடி ஜக்கில் ஊற்றி வைத்தால் காற்றுப் பட்டு இளகும். பித்தளைச் சொம்பு அழகாக இருக்கிறது என்று அதில் ஊற்றிவிடாதீர்கள். ஒயினும் புளியைப் போலத்தான், ஈயம் பூசாத பித்தளையில் களிம்பேறும்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து டம்ளர் வரும். இரண்டு பாட்டிலில் பத்து. எட்டுப் பேரில் குடிப்பவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 14 சதவீத ஒயினில் இரண்டு டம்ளர் என்பது சின்ன அளவு இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். பெங்களூர்க்காரர் அன்று அங்கேயே தங்குவதாக முடிவாயிற்று, மற்றவர்களுக்கு ஆட்டோ.

ஆக, எதை வாங்குவது? ஒரே வகை என்றால் ஷிராஸ், எனக்கு இதில் தயக்கம் இல்லை. மிளகு தூக்கலான மதுரைக் கறிக்கு அதைவிட நெருக்கமான சொந்தம் அந்த அலமாரியில் கிடையாது. இரண்டு பாட்டில் என்பதால் இரண்டாவது கேபர்நே, நல்லி எலும்புக்காக மட்டும். நல்லி இல்லாத விருந்தென்றால் கேபர்நேயை விட்டுவிட்டுக் கலப்பை எடுத்திருப்பேன். மிளகாய்க் காரத்தைக் குறைக்க வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் ஜின்ஃபண்டெல், அதுவும் சால்னா பரோட்டா வரைக்கும்தான்.

விருந்தன்று வரிசையையும் அப்படியே வைத்தோம். கோலா உருண்டையோடு ஷிராஸ் திறந்தது, சுக்காவிலும் குடல் வறுவலிலும் அது முடிந்தது. சைவக்காரர்களுக்குக் காளானும் பொங்கலும். நல்லி வந்தபோது ஜக்கிலிருந்த கேபர்நே. பெங்களூர்க்காரர் மஜ்ஜையை உறிஞ்சிவிட்டு ஒரு வாய் குடித்து, மறுபடி எலும்பைத் தட்டினார். ஒன்றும் பேசவில்லை, இன்னொரு நல்லி கேட்டார்.

அயிரை மீன் குழம்பு வந்ததும் எல்லா டம்ளரையும் நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மீனும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் கவிச்சை அடிப்பதற்கு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு காரணம் என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கனத்த சிவப்பானால் துவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு இங்கே புளியும் இருக்கிறது, மிளகாயும் இருக்கிறது. அந்தக் குழம்புக்குச் சுடுசோறு போதும். அக்கா ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு டம்ளர் மோர் வைத்துக்கொண்டே வந்தாள்.